மேனேஜர் முட்டை போடவில்லை

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பையும் ஓர் அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டியின் பக்கவாட்டில் ஓட்டைகள் இருந்தன. ஓர் ஓட்டை வழியாக ஒரு கண் என்னை முறைத்தது. பெட்டியை வாங்கி உள்ளே வைக்காமல் வேடிக்கை பார்க்கிறாளே, யார் இவள் என்கிற முறைப்பு. இந்த வீட்டில் இனிமேல் என் அதிகாரம் செல்லாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். காலர் இரண்டு பக்கமும் ஒரே அளவா, பட்டன் துளை நேரா என்று விரலால் தடவியே சொல்லிவிடுவாராம். அந்தக் கம்பெனி மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி நீட்டி வரிசைகளுக்கு நடுவே நடப்பாராம். கோழிக்கு அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. பெட்டைக் கோழிக்குப் போய் மேனேஜர் என்று யாராவது பெயர் வைப்பார்களா என்று கேட்டேன். நடையைப் பார்த்துவிட்டுப் பேசு என்றார். பார்த்தேன். அதற்கப்புறம் நான் பேசவில்லை.

அண்ணியின் கணவர் குஞ்சாக வாங்கிவந்து வளர்த்த கோழி அது. அவர் போன பிறகு அண்ணியால் அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. இவர் போய்க் கையோடு கூட்டிவந்தார். கூட்டிவந்தாரே தவிர, ஆள் வந்து சேரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். குளிக்கச் சொன்னால் குளிப்பார், சாப்பிடச் சொன்னால் ரெண்டு வாய், மறுபடியும் சுவர். நான் பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்து ஆட்களை வரிசையாக உள்ளே அனுப்புகிறவள். வலிக்குமா என்று கேட்டால் வலிக்கும் என்று சொல்கிற ரகம். அண்ணியிடமும் அப்படித்தான் சொன்னேன், இப்படியே கிடந்தால் கால் நடப்பதையே மறந்துவிடும் என்று. இவர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். நான் சொன்னதில் தப்பில்லை. பலனும் இல்லை.

அண்ணியை எழுப்பியது மேனேஜர்தான். எங்கள் வீடு கீழ்த்தளம். பின்பக்கம் துணி காயப்போட ஒரு சின்ன இடம் உண்டு. அங்கே பழைய அலமாரியைப் படுக்கப்போட்டு அதற்கு அறை ஒதுக்கியிருந்தோம். விடிந்ததும் முட்டை போட்டுவிட்டு, ஏதோ உலகத்திலேயே முதல் முட்டையைப் போட்டதுபோல் கூப்பாடு போடும். அந்தச் சத்தத்துக்கு அண்ணி எழுந்து வருவார். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, அலமாரிக்குள் கையை விட்டு, முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சூடாக இருக்கும். ஆஸ்பத்திரி கேன்டீனில் ராத்திரி வேலை முடித்துத் தம்பி வரும் நேரமும் அதுதான். அவருக்கு அதைப் பொரித்துக் கொடுப்பார். பொரித்த கையோடு டீ போடுவார், டீ போட்ட கையோடு பாத்திரம் கழுவுவார். ஒரு முட்டையைப் பிடித்துக்கொண்டு முழு நாளுக்குள் ஏறி வந்துவிடுவார். அந்தக் கோழி இல்லாவிட்டால் அண்ணி இல்லை என்பது எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். அதனாலேயே அதன் எச்சத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவிவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் அண்ணி முட்டையைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தார். கல்லைச் சூடேற்றிவிட்டுக் குளியலறைக்குள் போனார். எனக்குக் கிளினிக்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நானே பொரித்துவிடலாம் என்று முட்டையை எடுத்துக் கல் விளிம்பில் தட்டினேன். விரிசல் விட்டது. ஒழுகவில்லை. இன்னொரு தட்டு தட்டினேன். ஓடு உதிர்ந்தது. உள்ளே வழவழவென்று வெள்ளையாக, நன்றாக வெந்த முட்டை.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. "என்னங்க, உங்க மேனேஜர் அவிச்ச முட்டை போட்டிருக்காங்க" என்று திரும்பினேன். இவர் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் பாய்ந்து வந்து என் கையிலிருந்து முட்டையைப் பிடுங்கி, மிச்ச ஓட்டோடு வாய்க்குள் திணித்துக்கொண்டார். நான் குளிர்பெட்டியிலிருந்து வேறு முட்டை எடுத்துக் கல்லில் உடைத்து ஊற்றினேன். அவர் கன்னம் உப்பிக்கொண்டு நின்ற கோலம் அப்படி. அண்ணி வந்து கல்லைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தட்டை எடுத்து வைத்தார்.

அண்ணி துணி காயப்போடப் போனதும் பிடித்துக்கொண்டேன். கேள்வியே கேட்கவில்லை, முழுதும் வந்து விழுந்தது. ஒருநாள் காலை இவர் வீட்டுக்கு வரும்போது அலமாரிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். முட்டை இல்லை. அக்கா எழுந்துவந்து கையை விட்டு ஏமாந்துபோவாளே என்று பயந்திருக்கிறார். குளிர்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துவிட்டார். மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அப்புறம் கேன்டீனிலிருந்தே கொண்டுவர ஆரம்பித்திருக்கிறார். அதுவும் எப்படி? பழுப்பு நிறமாக, சின்னதாகப் பொறுக்கி எடுத்து, வேலை முடிகிற நேரத்தில் வெந்நீர்க் குவளையில் போட்டுச் சூடேற்றி, துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு. அக்கா கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள் இல்லையா? அன்றைக்குக் குவளையை யாரோ எரிகிற அடுப்பு மேல் தள்ளி வைத்திருக்கிறார்கள். இவர் பேச்சு மும்முரத்தில் கவனிக்கவில்லை.

கேன்டீன் முட்டையைக் கொண்டுவந்து, கோழிக்கு அடியில் வைத்து, அதை அக்கா எடுத்துப் பொரித்துத் தர, தானே தின்றுகொண்டிருந்திருக்கிறார் மனிதர். வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப கோழி எவ்வளவு நாளா முட்டை போடல?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து" என்றார். மழைக்காலம் முடிந்தே விட்டிருந்தது.

எட்டிப் பார்த்தேன். மேனேஜர் சுவரோரம் உட்கார்ந்திருந்தது. அது சும்மா உட்கார்கிற ஆளா? துணிக்கூடை, வாளி, என் கால்விரல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிற பிறவி. கொஞ்ச நாளாகவே மந்தமாகத்தான் இருந்தது, காலைக் கூப்பாடும் நின்றிருந்தது. இறகு உதிர்கிற காலம், குளிர், வயசு என்று மூவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். தினமும் முட்டை வருகிறதே, நோய் இருந்தால் வருமா என்று நானே ஒருமுறை அடித்துப் பேசியிருக்கிறேன். கிட்டே போய்த் தூக்கினேன். கொண்டை வெளுத்துப்போயிருந்தது. வயிறு தண்ணீர் நிரப்பிய பைபோல் தொங்கியது. இறக்கிவிட்டதும் காலை அகட்டி, பின்பாரத்தோடு தள்ளாடித் தள்ளாடி நாலடி போய் மறுபடி உட்கார்ந்துகொண்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதே போய் அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முட்டை எல்லாம் பொய் என்று தெரிந்தால் அவள் எழுந்திருக்கவே மாட்டாள், வைத்தியம் பார்க்கலாம், சரியாகிவிடும், சரியான பிறகு நானே சொல்லிவிடுகிறேன் என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் என் முன்னால் அழுததில்லை. வாயை மூடிக்கொண்டேன். நானாக அண்ணியிடம் போய், கோழி நடை சரியில்லை, டாக்டரிடம் காட்டலாம் என்று மட்டும் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி அட்டைப்பெட்டியை எடுத்துவிட்டார். கிளினிக்குக்கு வர நேரமாகும் என்று போனில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பிராணிகள் டாக்டரின் வரவேற்பறையில் எங்களைத் தவிர எல்லாரும் நாயோடு வந்திருந்தார்கள். பெட்டிக்குள் என்ன என்று ஒருவர் கேட்டார். மேனேஜர் என்று அண்ணி சொன்னார். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. டாக்டர் சின்னப் பெண். கோழியை மேஜை மேல் வைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மேனேஜர் அவள் பேனாவை ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

"கடைசியா எப்ப முட்டை போட்டுச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார்: "இன்னைக்குக் காலைல கூட போட்டுச்சும்மா."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். வாய்ப்பே இல்லை என்றாள். வேறு கோழி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அப்படியானால் அது இதன் முட்டையாக இருக்க முடியாது, இது முட்டை போட்டு வெகுநாள் ஆகியிருக்கும் என்றாள். கரு உருவாகிறது, ஆனால் வெளியே வருகிற பாதைக்குள் போகாமல் வயிற்றுக்குள்ளேயே விழுந்துவிடுகிறது, அங்கேயே கிடந்து அழுகிச் சீழும் நீருமாகச் சேர்ந்திருக்கிறது என்று விளக்கினாள். ஆக, மேனேஜர் முட்டை போடுவதை நிறுத்தவே இல்லை. நாங்கள் கேன்டீன் முட்டையைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அது உள்ளுக்குள் போட்டு உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

முட்டை நின்றவுடனே கொண்டுவந்திருந்தால் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கரு உருவாகாமல் தடுக்க ஊசி இருக்கிறது, போட்டிருக்கலாம், பல கோழிகள் அதற்குப் பிறகு நன்றாகவே இருந்திருக்கின்றன என்றாள் அந்தப் பெண். இப்போது நீரை எடுத்துவிட்டால் கொஞ்சம் மூச்சு விடும், அவ்வளவுதான். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியானால் நான் தினமும் எடுத்தது யார் முட்டை என்று இப்போது என்னிடம் கேட்பார் என்று காத்து நின்றேன். கேட்கவில்லை. அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஊசி குத்தி நீரை எடுத்தாள். பழுப்பாக, கலங்கலாக, ஒரு சின்ன உயிருக்குள் இவ்வளவா என்கிற அளவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு அண்ணி செய்த வைத்தியத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். படுத்தே கிடந்த மனுஷி பம்பரமாகச் சுற்றினார். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, அகலமான தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, மேனேஜரை வயிறு முங்க இறக்குவார். அது கண்ணை மூடிக்கொண்டு அவர் மணிக்கட்டில் தாடையை வைத்துக்கொள்ளும். என் தலைமுடி உலர்த்தும் மெஷினால் இறகை விலக்கி விலக்கிக் காயவைப்பார். அலகைத் திறந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். அது முகத்தைத் திருப்பினால், "மேனேஜரா இருந்தாலும் டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தான் ஆகணும்" என்பார். முதல் சில நாள் பலன் தெரிந்தது. ஒருநாள் எழுந்து வந்து என் செருப்பைச் சோதனை போட்டது. இவர் முகத்தில் உயிர் வந்தது. பார்த்தாயா, தேறிவிடும் என்றார். டாக்டர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். டாக்டருக்கு என்ன தெரியும் என்றார்.

வயிறு மறுபடி நிரம்பியது. மறுபடி எடுத்தோம். அதைவிட வேகமாக மறுபடி நிரம்பியது. மூன்றாவது தடவை டாக்டர் ஊசியைக் கையில் எடுக்காமல் அண்ணியைப் பார்த்தாள். வலிக்காமல் அனுப்பிவைக்கலாம் என்றாள். அண்ணி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கோழியை டாக்டரிடம் காட்டிய அன்றே, அலமாரிக்குள் முட்டை வைப்பதை இவர் நிறுத்தியிருந்தார். அண்ணி அதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. இவரைப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிக் கொண்டுவரத் தெரிந்தது, ஒருநாள் கோழியைத் தூக்கிப் பார்க்கத் தெரியவில்லையா என்று கேட்டேன். அவர் தட்டில் இருப்பதை அளைந்துகொண்டிருப்பார்.

ஒரு மதியம் நான் சாப்பிட வந்தபோது அண்ணி பின்பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு, துண்டில் மேனேஜர். கழுத்து நிற்கவில்லை. அண்ணி உள்ளங்கையில் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தார். இவர் தூக்கத்திலிருந்து எழுந்துவந்து பக்கத்தில் குந்தியிருந்தார். மேனேஜர் காலை ஒருமுறை நீட்டியது, இறக்கையை விரித்தது, பறக்கப்போவதுபோல் இருந்தது. அவ்வளவுதான். நான் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்று அழுதேன். ஒரு கோழிக்காக இப்படி அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

இவர் குடியிருப்புக் காவல்காரரிடம் மண்வெட்டி வாங்கிவரப் போனார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. போதும், இதற்கு மேல் இந்த வாயை மூடிவைக்க முடியாது என்று அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தேன். "அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"முட்டை விஷயம்தானே" என்றார் அண்ணி.

கோழியின் இறகைத் தடவியபடியே சொன்னார். முதல் நாளே தெரியும். முட்டை போட்டால் தெருவையே எழுப்புகிறவள், சத்தமே இல்லாமல் போட்டால் தெரியாதா? அதுவுமில்லாமல் மேனேஜர் முட்டையின் கூர்முனையில் சொரசொரவென்று ஒரு தடிப்பு இருக்கும். தம்பி வைத்தது வழவழவென்று இருந்தது.

"அப்புறம் ஏன் அண்ணி சொல்லல?"

"இறகு உதிர்ற நேரம், கொஞ்ச நாள் போடாம இருப்பா, அப்புறம் போடுவான்னு நினைச்சேன். காலைல நான் கையை விட்டு எடுக்கிறப்ப அவன் கதவுகிட்ட நின்னு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பான். ராத்திரி பூரா வேலை செஞ்சிட்டு வந்து நிக்கிறான். நான் சிரிச்சாத்தான் அவனுக்குத் தூக்கம் வரும். எப்படிச் சொல்றது?"

வயிறு பெருத்த பிறகு பயம் வந்ததாம். டாக்டரிடம் போனால் முட்டை போடவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் தம்பி அவமானப்பட்டுப்போவான். இன்று பார்க்கலாம், நாளை பார்க்கலாம் என்று தள்ளிவிட்டாராம். அவர் போட்ட கணக்கும் இவர் போட்ட கணக்கும் ஒன்றுதான். நடுவில் ஒரு வாயில்லாப் பிராணி உட்கார்ந்திருந்தது. சத்தம் போட்டுத் திட்ட வேண்டும்போல் இருந்தது, இருவரையும் நிற்கவைத்து. அண்ணியின் கையைப் பார்த்தேன். திட்ட வரவில்லை.

"எனக்கு முதல்லயே தெரியும்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். "நான்தான் கொன்னேன்னு இப்பவே நினைச்சுக்கிட்டு இருக்கான். அக்காவும் தெரிஞ்சே சும்மா இருந்தாள்னு தெரிஞ்சா அதையும் சேத்துச் சுமப்பான். சொல்லாதேம்மா."

இவர் மண்வெட்டியோடு வந்தார். சுவரோரம் தோண்டினார். துண்டோடு வைத்து மூடினோம்.

இனி அண்ணி எழுந்திருக்க மாட்டார் என்றுதான் நான் காத்திருந்தேன். எழுந்தார். மறுநாளே எழுந்தார். இவர் வருவதற்கு முன் தலை வாரி, டீ போட்டு வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேன்டீனில் இன்றைக்கு என்ன கூத்து என்று கேட்டார். இவர் சொன்ன கதைக்குச் சிரித்தார். தினமும் அப்படியே நடந்தது. இவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா தேறிவிட்டாள், நான்தான் வீணாகப் பயந்தேன் என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் நம்பத்தான் ஆசை.

கிளினிக் விடுமுறையான ஒருநாள் வீட்டில் இருந்தேன். இவர் டீ குடித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கிற வரை அண்ணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து தன் கட்டிலுக்குப் போனார். வாரிய தலையோடு, கட்டிய புடவையோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் வாசற்படியிலேயே நின்றேன். நெடுநேரம் கழித்து, நான் நிற்பது தெரிந்துதான் இருக்க வேண்டும், திரும்பாமலே கேட்டார்.

"தூங்கிட்டானா?"

"தூங்கிட்டார் அண்ணி."

"மதியம் அவன் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி என்னை எழுப்பிவிட்டுடுறியா? சில நாள் அசந்துடுறேன்."

சரி என்றேன். மதியம் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டேன். எழுந்து முகம் கழுவிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இப்போதெல்லாம் மதியம் சாப்பிட வந்ததும் முதல் வேலையாக அண்ணியை எழுப்பிவிடுகிறேன். அதற்கப்புறம்தான் இவரை எழுப்புகிறேன்.